கீழ்க்காற்று எழும்பினால் மழை வருமா?

காற்று, மழை பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். திருவையாற்றிலிருந்து கோடியக்கரை வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, அதனால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகிற ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒன்றின் பதில் அடுத்ததற்கு வேண்டியிருக்கும், வரிசையாகவே படியுங்கள்.

கேள்வி (கும்பகோணம், பதினொன்றாம் வகுப்பு மாணவி): புவியியல் பாடத்தில் காற்றுத் திரள், குளிர் வளிமுகம், வெப்ப வளிமுகம் என்றெல்லாம் படிக்கிறோம். படத்தில் நீலக் கோடு, சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. ஆனால் டிவி வானிலைப் படத்தில் அந்தக் கோட்டை எங்கள் ஊர் மேல் ஒருநாள்கூட பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கு அது எப்போது வரும், அண்ணா?

வராது தங்கச்சி. பாடத்தில் தப்பில்லை, அது சொல்வது வேறு ஊர் வானத்தைப் பற்றி.

ஒரு பெரிய நிலத்தின் மேலோ கடலின் மேலோ காற்று பல நாள் அதிகம் நகராமல் கிடந்தால், கீழே இருக்கிற இடத்தின் குணம் அதற்கு ஏறிவிடும். பனிக்காலத்துச் சைபீரியாவின் மேல் கிடந்த காற்று குளிர்ந்து, வறண்டு, கனத்துப்போகும். வெப்பக் கடலின் மேல் கிடந்தது சூடாகி, ஈரமேறி, லேசாகும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான அகலத்துக்கு ஏறக்குறைய ஒரே சூடும் ஒரே ஈரமுமாகப் பரந்து கிடக்கிற இந்தக் காற்றைத்தான் காற்றுத் திரள் என்கிறோம். குணம் வேறான இரண்டு திரள்கள் எதிரெதிரே வந்தால் பாலும் தண்ணீரும் போல உடனே கலந்துவிடாது, நடுவில் ஒரு எல்லை விழும். அதுதான் வளிமுகம்.

குளிர்ந்த காற்று முன்னேறி வந்தால், கனமானது என்பதால் தரையோடு தரையாக ஆப்பு மாதிரி நுழைந்து சூடான காற்றை மேலே தூக்கிவிடும். கொஞ்ச நேரம் இடியும் காற்றுமாக அடித்துவிட்டு, பின்னாலேயே வானம் தெளிந்து குளிரும். அது குளிர் வளிமுகம், வரைபடத்தில் நீலக் கோட்டில் முக்கோணங்கள் போட்டிருக்கும். சூடான காற்று முன்னேறினால் எதிரே கிடக்கிற குளிர்காற்றின் முதுகில் மெல்ல மெல்ல ஏறும். ஒரு கிலோமீட்டர் உயர அது நூறிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் வரை கிடையாகப் போக வேண்டியிருக்கும், அவ்வளவு சாய்வு. அதனால் மேகமும் பரந்து, மழையும் நசநசவென்று நாள் முழுக்கப் பெய்யும். அது வெப்ப வளிமுகம், சிவப்புக் கோட்டில் அரை வட்டங்கள்.

மேலே போன காற்று ஏன் மழையாகிறது என்பதற்கு இரண்டு எண் போதும். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும், 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். மேலே ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது, அதனால் தாங்க முடியாத மிச்சம் மேகமாகி மழையாகிறது. உலகம் முழுக்க மழையின் கணக்கு இதுதான். காற்றை மேலே தூக்குவது எது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள், கீழே வருகிற எல்லாப் பதில்களும் இதைச் சுற்றித்தான்.

நார்வேயின் பெர்கன் நகரத்தில் வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்ற அறிஞரும் அவர் மகன் ஜேக்கப்பும் அவர்களுடைய குழுவினரும் 1918, 1919ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. அது முதல் உலகப் போர் முடிந்த சமயம். போர் முனைக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயரையே இந்த எல்லைக்கும் வைத்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொரு சங்கதி. போரினால் வெளியூர் வானிலைத் தகவல் நின்றுபோகவே, நார்வேயின் மேற்குக் கரை முழுக்க நெருக்கமாக அவதானிப்பு நிலையங்களை அமைத்தார்கள். விவசாயிக்கும் மீனவருக்கும் மழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதே அந்த வேலையின் நோக்கம். அப்படி ஊர் ஊராகச் சேர்த்த கணக்கிலிருந்துதான் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. இதே ஜேக்கப்தான் ஐம்பது வருடம் கழித்து, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோவுக்கும் உலகக் காற்றோட்டத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். எல் நினோ ஆண்டுகளில் நம் ஐப்பசி மழை பெரும்பாலும் தூக்கலாக இருக்கும் என்பதால் அவர் நமக்கும் வேண்டியவர்தான்.

சரி, நமக்கு ஏன் அந்தக் கோடு வருவதில்லை? வளிமுகம் நிற்க வேண்டுமானால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நல்ல வெப்ப வித்தியாசம் வேண்டும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே. கும்பகோணத்துக்கும் அதற்கு இருநூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிற ஊருக்கும் ஒரே நாளில் பெரிய வெப்ப வித்தியாசம் இருக்காது. பஞ்சாப், காஷ்மீர் பக்கம் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் திசையிலிருந்து மேற்கத்திய இடையூறுகள் என்கிற காற்றழுத்தத் தாழ்வுகள் வரும், கோதுமைக்கு மழை தரும். அவற்றின் பின்னால் இறங்குகிற குளிர்காற்றும் சமவெளி, தக்காணம் எல்லாம் தாண்டி நம்மிடம் வருவதற்குள் சூடேறி, எல்லை அழிந்துபோகும்.

ஆனால் கனத்த காற்று ஆப்பு மாதிரி நுழைந்து லேசான காற்றைத் தூக்குகிற அந்த வேலை நம் ஊரிலும் நடக்கிறது. அடுத்த கேள்வியைப் பார்.

கேள்வி (மன்னார்குடி அருகே, விவசாயி): ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் மேல்காற்று சுடச்சுட அடிக்கிறது. நாலு மணிக்கு மேல் கிழக்கே இருந்து ஜில்லென்று காற்று எழும்பினால் இடியோடு மழை. எங்கள் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் ஒரு சொட்டு இருக்காது. குறுவை அறுக்கிற நேரம். இது ஏன் இப்படி, முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஐயா, பாடப்புத்தகத்தில் இருக்கிற குளிர் வளிமுகத்தின் சின்னத் தம்பியைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஜில் காற்று வந்து சேர்கிற கணம்தான் அது உங்கள் வயலைக் கடக்கும் கணம்.

முதலில் மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வருவது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. அங்கே காற்றைத் தூக்குவது மலை. இந்தப் பக்கம் இறங்கும்போது அதே காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறும், அதனால்தான் நமக்கு வந்து சேரும்போது வெக்கையும் வறட்சியுமாக இருக்கிறது. கர்நாடகத்திலும் கேரளத்திலும் பெய்த மழை ஆற்று வழியாக நமக்கு வரும், வான் வழியாக வராது. மேட்டூர் ஜூன் 12 திறக்க வேண்டும் என்று நாம் அவ்வளவு துடிப்பதற்குக் காரணமே இந்த மலைதான்.

இனி கீழ்க்காற்று, அதாவது கிழக்கேயிருந்து வருவது. வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் அப்படிச் சூடாவதில்லை. நிலத்தின் மேல் 35, 36 டிகிரி இருக்கும்போது கடல் மேல் 29 டிகிரி அளவில்தான் இருக்கும். அந்தக் குளிர்ந்த, ஈரமான, கனத்த கடற்காற்று பகலில் கரையேறி, மேல்காற்றுக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கிக்கொண்டே உள்ளே வரும். தரையிலிருந்து சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரைதான் அதன் உயரம். இதற்குக் கடற்காற்று முகம் என்று பெயர். நாகப்பட்டினத்தில் பகலிலேயே ஏறிவிட்ட காற்று திருவாரூர் தாண்டி உங்கள் பக்கம் வர மூன்று, நாலு மணி ஆகிறது.

ஆடியில் ஏன் இப்படி மழை அடிக்கடி வருவதில்லை? அம்மி பறக்கிற அந்த மேல்காற்று கடற்காற்றைக் கரையிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆவணி பிறந்து மேல்காற்று தளர்ந்த பிறகுதான் கீழ்க்காற்றுக்கு உள்ளே வர வழி கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. டெல்டாவுக்குக் கிழக்கேயும் கடல், தெற்கேயும் கடல், கோடியக்கரை அந்த மூலை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறிவரும் காற்று உள்ளே எங்கேயாவது முட்டிக்கொண்டால் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை, அந்த இடத்தில் இடிமேகம் சட்டென்று வளரும்.

ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊர் காய்வதற்குக் காரணம், அந்த முகம் முழுக்க ஒரே மாதிரி தூக்குவதில்லை. எங்கே மேலே இருக்கிற காற்றிலும் ஈரம் இருக்கிறதோ, எங்கே பகலில் நிலம் கூடுதலாகக் காய்ந்ததோ, அங்கே முதல் மேகம் வெடிக்கும். அது பெய்யும்போது மழையோடு குளிர்ந்த காற்று கீழே இறங்கி, தரையில் பட்டு நாலாபக்கமும் விரியும். மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருமே, அந்தக் காற்றுதான் இது. அதுவும் ஒரு சின்ன ஆப்பு. அது போய் முட்டுகிற இடத்தில் அடுத்த மேகம் பிறக்கும். அதனால் உங்கள் ஊரில் பெய்த மழையே பக்கத்து ஊரைத் தாண்டி மூன்றாவது ஊரில் இன்னொரு மழையை உண்டாக்கிவிட்டுப் போகலாம். வானிலை மையத்தால் மாவட்டத்துக்கு இடிமழை உண்டு என்று சொல்ல முடியும், எந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என்று காலையிலேயே சொல்ல யாராலும் முடியாது. அதற்காக அவர்களைத் திட்டுவது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் பிடிக்க வழி இருக்கிறது. மதியத்துக்கு மேல் கிழக்கே பாருங்கள். கரைக்கு இணையாக வடக்கு தெற்காக ஒரே வரிசையில் மேகம் குவிந்து, ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி மேலே எழும்பினால் அன்றைக்கு மழைக்கு வாய்ப்பு அதிகம். மேகம் எழும்பாமல் தட்டையாகவே நின்றுவிட்டால் மேலே ஈரம் இல்லை, காற்று ஜில்லென்று வந்துவிட்டு மழையில்லாமல் போகும். கையில் போன் இருந்தால் காரைக்கால் ரேடார் படத்தை வானிலைத் துறையின் தளத்தில் பார்க்கலாம். சில நாள் அந்தக் கடற்காற்று முகமே மெல்லிய கோடாகத் தெரியும். அப்படித் தெரிகிற நாளில் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தால் மூன்று மணிக்கே கூட்டிக் குவித்து மூடிவிடுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த இடிமேகங்களில் மின்னல் அதிகம், நம் பக்கம் அது ஆளைக் கொல்வது திறந்த வயலில்தான். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அறுவாளை வைத்துவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். தனி மரத்தடியும் பம்புசெட்டுக் கொட்டகையும் வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்கினால் போதும்.

கேள்வி (வேதாரண்யம், உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்): ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு வேலை நின்றுவிடும். வாடைக்காற்று வடக்கே குளிர்ந்த, காய்ந்த நிலத்திலிருந்து வருகிறது என்று மகன் படித்துச் சொல்கிறான். காய்ந்த காற்று என்றால் உப்பு நன்றாக அல்லவா விளைய வேண்டும், மழை எங்கிருந்து வருகிறது?

அக்கா, உங்கள் மகன் சொன்னது சரி, பாதி வழி வரைக்கும். வடக்கே சீனா, சைபீரியா பக்கம் கிளம்பும்போது அது காய்ந்த காற்றுதான். வட இந்தியாவில் நிலத்தின் மேலேயே இறங்கி வருகிற காற்று கடைசி வரை காய்ந்ததாகவே இருக்கிறது, அதனால் டெல்லியில் அப்போது மழை கிடையாது. நம்மிடம் வருவது வங்கக்கடலைக் குறுக்கே தாண்டி வருகிறது. ஐப்பசியில் அந்தக் கடல் 28, 29 டிகிரி சூட்டில் இருக்கும். பல நாள் அதன் மேல் பயணம் செய்கிற காற்று அடியிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் குடித்துக் குடித்து, கரைக்கு வரும்போது வேறு காற்றாகவே ஆகிவிடுகிறது. காற்றுத் திரள் எங்கே பிறந்தது என்பதோடு, எந்த வழியாக வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இதைப் பிரித்தே பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள். உங்கள் உப்பைக் கரைப்பது கொண்டல், வாடை அல்ல. மார்கழியில் வானம் தெளிந்து உடம்பைக் குத்துகிறதே, அதுதான் அசல் வாடை.

வானிலைத் துறையும் இதே திசையைத்தான் பார்க்கிறது. தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரா வரை விலகியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைத்திருக்க வேண்டும், அது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும், மழையும் கரையோரம் பரவலாக இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது என்று அறிவிப்பார்கள். சராசரித் தேதி அக்டோபர் 20. ஈரக் காற்று வந்துவிட்டாலே தினமும் பெய்துவிடாது, அதைத் தூக்க ஏதாவது வேண்டும். கிழக்கேயிருந்து அலை மாதிரி வருகிற காற்றுச் சுழற்சிகளும் காற்றழுத்தத் தாழ்வுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. நாலு நாள் அடைமழை, அப்புறம் ஒரு வாரம் வெயில் என்று விட்டுவிட்டு வருவது அதனால்தான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதத்தில் வருகிறது, உங்கள் கரையில் பங்கு இன்னும் அதிகம்.

கேள்வி (நாகப்பட்டினம், மீனவ இளைஞர்): புயலுக்கும் இந்த வளிமுகம் உண்டா?

நம் புயலுக்குக் கிடையாது தம்பி. ஐரோப்பா பக்கம் வீசுகிற பெரும் புயல்கள் இரண்டு காற்றுத் திரள்களுக்கு நடுவே உள்ள வெப்ப வித்தியாசத்திலிருந்து பலம் எடுக்கின்றன, அதனால் அவற்றின் உடம்பிலேயே குளிர்முகமும் வெப்பமுகமும் இருக்கும். வங்கக்கடல் புயலுக்கு ஒரே காற்றுதான், சூடான, ஈரமான காற்று. கடல் 26, 27 டிகிரிக்கு மேல் இருந்தால் அதிலிருந்து ஏறும் நீராவி மேலே மழையாகும்போது விடுகிற வெப்பம்தான் அதன் அடுப்பு. வடக்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்தால் அடுப்பு அணையத் தொடங்கும். மார்கழிப் புயல்கள் சில கரைக்கு வருமுன்பே நலிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கரையேறியதும் எல்லாப் புயலும் தளரும்.

ஆனால் தளர்ந்ததை நம்பி இருந்துவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறிய கஜா, உள்ளே பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னையைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. அந்தத் தோப்புகளை நேரில் பார்த்தவன் நான், இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. 2008 நவம்பரில் வந்த நிஷா காற்றில் அவ்வளவு பெரிய புயல் இல்லை, ஆனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது. புயலின் பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி போடுகிறார்கள் என்று பார்ப்பதோடு, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்றும் கேளுங்கள். மெதுவாக நகர்வது அதிகமாகக் கொட்டும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, விவசாயி): கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். 2021 தையில் சம்பா கதிர் முற்றி நின்றபோது பெய்து எல்லாம் சாய்ந்து முளைத்துவிட்டது. எதை நம்புவது?

பழமொழி சராசரியைச் சொல்கிறது ஐயா, பெரும்பாலான வருடங்களுக்கு அது சரிதான். மார்கழிக்குள் வடக்கே உள்ள காய்ந்த காற்று நம் மேல் முழுதாகப் படிந்துவிடும். காற்று அசையாத, மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. ஈர வயலுக்கு மேல் மூடுபனி நிற்கிறது, நெற்பயிர் நுனியில் பனித்துளி கோத்துக்கொள்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது இந்தக் காற்றுக்குத்தான். அந்தப் பனி நெடுநேரம் இலையில் நின்றால் குலைநோய் வரும், அது வேறு கவலை.

2021 ஜனவரியில் அந்த வாடை படியவே இல்லை. கொண்டல் பொங்கல் தாண்டியும் விலகாமல், கிழக்கலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தூக்குகிற ஆள் ஊரைவிட்டுப் போகாதபோது மாதத்தின் பெயரைப் பார்த்து மழை நிற்காது.

அதனால் தையில் மாதத்தைப் பார்க்காமல் இரவைப் பாருங்கள். விடியற்காலை குளிர் குத்தி, வரப்பில் கால் வைத்தால் பனி நனைத்தால் காய்ந்த காற்று இருக்கிறது, தைரியமாக அறுக்கலாம். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து பனி இல்லை, போர்வை வேண்டியிருக்கவில்லை, காற்று திசை மாறிக் கிழக்கேயிருந்து அடித்து உடம்பில் பிசுபிசுப்பு, தென்கிழக்கில் மேகம் என்றால் கொண்டல் திரும்பியிருக்கிறது. அன்றைக்கே வானிலைத் துறையின் ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பார்த்து, கதிர் முற்றியிருந்தால் அறுவடை மெஷினுக்கு முந்திக்கொள்ளுங்கள். இன்னும் பால் பிடிக்கிற நிலையில் இருந்தால் அறுக்க முடியாது. வயலில் நிற்கிற தண்ணீரை வடித்து, வடிகால் வாயைத் தூர் எடுத்து வையுங்கள். கொள்முதல் நிலையத்தில் கேட்கிற ஈரப்பதம் 17 சதவீதம், ஒரு ராத்திரி நனைந்தால் அது எங்கேயோ போய்விடும். களத்தில் குவித்த நெல்லுக்கு மேலே தார்ப்பாய் போடுவது எல்லோருக்கும் தெரியும். அடியிலும் ஒன்று விரித்து, சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டால் ஓடிவருகிற தண்ணீர் குவியலைத் தொடாது.